பெற்றோல் மூடிக்கு வைத்த பொட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கொன்றது நான்தான். சந்தனத்தால் கொன்றேன். வலது கைப் பெருவிரலால், பக்தியோடு, நல்ல நேரம் பார்த்து. ஆனால் பழியைத் தூக்கி வேறொருவர் தலையில் போட்டேன். அதுவும் நூறு பேருக்கு முன்னால், கை நீட்டிக் கத்தி. அந்தக் கதையைச் சொல்லத்தான் போகிறேன். மற்றபடி ஐம்பது வயதில் சேற்றில் பைக் ஓடப் போனவனின் பெருமைகளைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கு என்ன தலையெழுத்து?

வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறோம். காப்புறுதிக் கம்பனியொன்றில் வேலை. மற்றவர்களுடைய வாகனங்கள் மோதியதற்கு நாங்கள் ஏன் பொறுப்பில்லை என்று கடிதம் எழுதுவது என் தொழில். என் வயதுக்காரர்கள் சீனி, பிரஷர் என்று கதைக்கத் தொடங்கிய காலத்தில் நான் ஒரு டூ ஸ்ட்ரோக் பைக் வாங்கினேன். நூற்றி இருபத்தைந்து சீசீ. காடு மேட்டில் பாய்வதற்கென்றே செய்தது. லைட் இல்லை, ஹோர்ன் இல்லை, றோட்டில் இறக்கினால் பொலிஸ் பிடிக்கும். அதை ஓட வேண்டுமென்றால் ஒரு லொறி பிடித்து அதில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். என் மனைவி பார்க்கிங்கில் அதைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, வாகனம் எண்டு வாங்கினால் அது எங்களையெல்லோ ஏத்திக்கொண்டு போகவேணும்?" என்றாள்.

இந்த எஞ்சினைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் தெரிந்தால் போதும். இதற்கு ஒயில் தனியாகப் போவதில்லை. பெற்றோலோடு ஒயிலையும் கலந்து தாங்கியில் ஊற்ற வேண்டும். பெற்றோல் போனால்தான் ஒயிலும் போகும். பெற்றோல் வரத்துக் குறைந்தால் எஞ்சின் முதலில் துள்ளிக்கொண்டு ஓடும், பிறகு கொதிக்கும், பிறகு பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றுவிடும். மிச்சமெல்லாம் ஆம்பிளையள் ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பதற்காகக் கண்டுபிடித்த விளக்கங்கள்.

விளக்கங்களுக்கென்றே எங்களிடம் ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. நாற்பது பேர். கம்பனிக்காரன் செய்த பைக்கைச் செய்தபடியே ஓடுகிறவனுக்கு அங்கே மரியாதை கிடையாது. புதுக்கடையில் வழக்காடும் சட்டத்தரணி ஒருவருக்குப் புகைக்குழாய்ப் பைத்தியம். நடுவில் வயிறு பெருத்த ஒரு குழாயைப் பொருத்தினால் சக்தி கூடும் என்று இரண்டு மணித்தியாலம் வாதாடுவார். நீதிமன்றத்தில் அப்படி வாதாடியிருந்தால் அவருடைய கட்சிக்காரர்களில் பாதிப் பேர் வெளியில் இருந்திருப்பார்கள். கல்கிசையில் பல் வைத்தியர் ஒருவர். சிலிண்டருக்குள் காற்றும் புகையும் போய்வரும் வாசல்களை ராவிப் பெருப்பிப்பதில் அவர் மன்னன். பல் ராவுகிற அதே மெஷினால், அதே கதிரைக்குப் பக்கத்தில் வைத்து, என்னுடைய சிலிண்டரையும் ராவித் தந்தார். அடுத்த நாள் அந்த மெஷின் யாருடைய வாய்க்குள் போனது என்று நான் கேட்கவில்லை.

இவர்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். குழாயை மாற்றினேன், வாசலைப் பெருப்பித்தேன், ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவினேன், பஞ்சிகாவத்தையில் கடை கடையாய் ஏறி இறங்கிப் பல்சக்கரம் மாற்றினேன். முடிவில் பைக் இருந்ததைவிட மெதுவாக ஓடியது. சத்தம் மட்டும் தெஹிவளை வரைக்கும் கேட்டது. தொடர்மாடிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அப்போதுதான் யாரோ சொல்லிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு ஒழுங்கைக்குள் நானாவின் கராஜ். முஸ்லிம் ஆள், அவர்களுடைய பேச்சில் நானா என்றால் அண்ணன். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர்தான். ஆனாலும் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். பகலெல்லாம் த்ரீவீல் திருத்துவார். என் பைக்கை உதைத்து ஸ்டார்ட் பண்ணி, ஒரு நிமிடம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு நிற்பாட்டினார்.

"சேர், நீங்க பவர கூட்டல்ல. சத்தத்தத்தான் கூட்டி ஈக்கிறீங்க."

"அப்ப என்ன செய்யலாம் நானா?"

"செஞ்சதெல்லாம் கழட்டணும்."

மூன்று மாதம் அதைத்தான் செய்தார். சட்டத்தரணியின் குழாய் போனது. பல் வைத்தியர் ராவிய சிலிண்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பல்லு இல்லையே" என்று ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று தேடிப் போட்டார். முன் கால்களின் ஸ்பிரிங்கை என் நிறைக்கு ஏற்ற மாதிரி அமைப்பதற்காக என்னை பைக்கில் இருத்தி, டேப்பால் அளந்தார். நிறையைக் கேட்டார். நான் எழுபத்தெட்டு என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு எண்பத்தாறுக்கு ஸ்பிரிங் போட்டார். சரியாகத்தான் இருந்தது.

கூலி வேண்டாம் என்றார். அதற்கொரு காரணம் இருந்தது, அதை அவர் ஒளிக்கவும் இல்லை. நீர்கொழும்புப் பக்கம் ரேஸ் டீம் ஒன்று நடத்தும் முதலாளி ஒருவர், தன் எஞ்சின்களைப் பார்க்க நிரந்தரமாக ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். நானாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, "நீ செட் பண்ணின பைக் ஒன்றை ரேசுக்குக் கொண்டுவா, முழு ரவுண்டும் ஓடி முடிக்கட்டும், பிறகு கதைப்போம்" என்று சொல்லியிருந்தார். நானாவிடம் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. என்னுடையதுதான் அவருடைய பரீட்சைத் தாள்.

"இருவது வருசமா பிரேக் கட்டிக் கட்டி கை மரத்துப் போச்சி சேர்," என்றார். "ரேஸ் எஞ்சின் எண்டா ராவு பகலா நிப்பேன். நீங்க வெல்லத் தேவல்ல. விழாம எட்டு ரவுண்டு வந்துருங்க, அது போதும்."

ஒரேயொரு விஷயத்தில் எங்களுக்குள் முரண்பாடு. காபரேட்டருக்குள் மெயின் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கிறது. அதிலுள்ள ஓட்டையின் அளவுதான் எவ்வளவு பெற்றோல் போக வேண்டும் என்று தீர்மானிக்கும். குழு முழுக்க நூற்றி அறுபத்தைந்து போடச் சொன்னது. நானா நூற்றி அறுபது என்றார். நான் இணையத்தில் படித்ததையெல்லாம் ஒப்புவித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நூற்றி அறுபதைப் போட்டு முறுக்கினார். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் கூலி வாங்காத ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ரேஸ் கம்பஹாவுக்கு அப்பால், ஒரு தென்னந்தோட்டத்துக்குள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு போட்டி இருந்தது. பதினொரு பேர், பதினொரு வண்டி வயிறு. காலைப் பயிற்சி ஓட்டத்தில் பைக் பறந்தது. அப்படியொரு பைக்கில் நான் அதற்கு முன்னும் பின்னும் ஏறியதில்லை. திருகினால் அந்தக் கணமே இழுத்தது. நானா பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி, பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. எஞ்சின் சரியாக எரிகிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. டீம் முதலாளி வந்து குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார், நானாவின் பெயரைக் கேட்டார். நானாவின் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டில் காது சிவந்துவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடுவேனா?

வெள்ளிக்கிழமையே பைக்கை வெள்ளவத்தையில் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்திருந்தோம். வாகனம் என்றால் அது எங்களுக்கு வழமை. தேங்காய் உடைத்து, டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து, ஐயர் முன்னுக்கு ஒரு பொட்டு வைத்தார். அந்தப் பொட்டு காலைப் பயிற்சியில் சேறு பட்டுப் போய்விட்டது. கூட வந்திருந்த மனைவியின் கைப்பையில் இலையில் சுற்றிய மிச்சச் சந்தனம் இருந்தது. எடுத்துத் தண்ணீர் தெளித்துக் குழைத்தேன். மட்கார்டில் ஒன்று வைத்தேன். நம்பர் தட்டில் ஒன்று. பிறகு பெற்றோல் தாங்கியின் மூடியைப் பார்த்தேன். வட்டமாக, பளபளவென்று, நடுவில் குண்டூசித் தலையளவு ஒரு துளையோடு. பொட்டுக்கு இடம் விட்டுச் செய்த மாதிரியே இருந்தது. பெருவிரலால் நல்லாக அழுத்தி ஒரு பெரிய பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

"நெத்தி இல்லாத இடத்திலயும் வைக்கிறியளே அப்பா," என்றாள் மனைவி.

அந்தத் துளையால்தான் தாங்கிக்குள் காற்றுப் போகும். உள்ளே காற்றுப் போனால்தான் பெற்றோல் கீழே இறங்கும். துளையை அடைத்தால் தாங்கி வெற்றிடமாகிப் பெற்றோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜெட்டைப் பற்றி ஒரு மணித்தியாலம் விரிவுரை ஆற்றத் தெரிந்த எனக்கு இது தெரியாது.

நானா அப்போது பக்கத்தில்தான் நின்றார், ஒயில் கலந்த பெற்றோல் கேனைக் கையில் வைத்துக்கொண்டு. மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"என்ன நானா?"

"ஒண்டுமில்ல சேர். பாத்து ஓடுங்க."

கொடி விழுந்தது. முதல் மூன்று ரவுண்டில் மூன்று பேரை முந்தினேன். அதிலொருவர் பல் வைத்தியர். முந்தும்போது அவருக்குப் பல்லைக் காட்டினேன். நாலாவது ரவுண்டில் பைக் திடீரென்று இன்னும் வேகமாக இழுத்தது. எனக்கு மெய் சிலிர்த்தது. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒயில் கிடைக்காத எஞ்சின் சாகப் போகும் நேரத்தில் அப்படித்தான் துள்ளும் என்பது எனக்கு நினைவு வரவில்லை. அடுத்த வளைவில் 'கிர்க்' என்று ஒரு சத்தம். பின் சில்லு பூட்டிக்கொண்டது. நான் தேங்காய்ப் பொச்சுமட்டைக் குவியலுக்குள் கிடந்தேன்.

தள்ளிக்கொண்டு வந்தபோது கூட்டம் கூடிவிட்டது. யாரோ பிளக்கைக் கழற்றினார்கள். நுனி வெள்ளையாக இருந்தது. "வெள்ளை!" என்றார் சட்டத்தரணி, கொலைக் கத்தியைக் கண்டுபிடித்த மாதிரி. வெள்ளை என்றால் பெற்றோல் போதவில்லை, போதவில்லை என்றால் ஜெட் சின்னது, சின்ன ஜெட்டைப் போட்டது யார்? ஐந்து நிமிடத்தில் விசாரணை முடிந்துவிட்டது. டீம் முதலாளியும் வந்து பிளக்கை வாங்கிப் பார்த்தார். "ஜெட் எக்க வெரதி, அய்யே," என்றார் என்னிடம் சிங்களத்தில். ஜெட் பிழையாம், அண்ணா.

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது. முழங்கால் சிராய்ப்பு, பல் வைத்தியர் என்னைக் கடந்து போன ஆத்திரம், எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டது. "நான் சொன்னனான் எல்லே! நூற்றி அறுபத்தைஞ்சு போடுங்கோ எண்டு தலைகீழா நிண்டு சொன்னனான்! த்ரீவீல் திருத்துற ஆளிட்ட ரேஸ் பைக்கைக் குடுத்தது என்ர பிழை!" அந்தக் கடைசி வசனம் இப்போதும் என் காதில் கேட்கிறது. நானா துணியால் கையைத் துடைத்தார். டீம் முதலாளி பிளக்கைத் திருப்பி என் கையில் தந்துவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போய் வேறொருவரோடு கதைக்கத் தொடங்கினார்.

லொறியில் திரும்பி வரும்போதே குழுவுக்கு நீளமாக எழுதினேன். 'ஒரு ஜெட்டின் விலை' என்று தலைப்பு வேறு. வெள்ளவத்தை வந்து சேர்வதற்குள் முப்பது பேர் பெருவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

பெற்றோலோடு வாகனம் நிறுத்தி வைக்கக் கூடாது என்பது தொடர்மாடிச் சங்கத்தின் கட்டளை. அதனால் பார்க்கிங்கில் வைத்துத் தாங்கியைக் காலி பண்ண மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். துளைக்குள் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. மனைவியிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பதினொரு நாள் சொல்லவில்லை. முதல் நாள் களைப்பு. இரண்டாம் நாள் அலுவலகத்தில் வேலை கூட. பிறகு பூரணை லீவு. லீவு நாளில் ஒரு மனுசனைத் தொந்தரவு செய்யலாமா? இதற்கிடையில் குழுவில் நான் ஜெட் விஷயத்தில் நிபுணனாகிவிட்டேன். ஆட்கள் தங்கள் பைக்குக்கு எந்த அளவு போடலாம் என்று என்னைக் கேட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பதிலும் எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் மனைவி தேத்தண்ணியை மேசையில் 'டொக்' என்று வைத்தாள். "இண்டைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போறியள். ஏசினது ஊருக்கு முன்னால. மன்னிப்பை மட்டும் ரகசியமாக் கேட்டுப்போட்டு வராதேங்கோ."

போனேன். நானா ஒரு த்ரீவீலுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து, வழமை போல ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பொட்டு, துளை, சந்தனம், எல்லாம். "உங்களில ஒரு பிழையும் இல்லை நானா. ஜெட் சரி. நான்தான் மூடியை அடைச்சனான்."

"தெரியும் சேர்," என்றார்.

"எப்ப தெரியும்?"

"நீங்க வெக்கக்குள்ளயே பாத்தேன்."

மன்னிப்புக் கேட்கப் போன மனுசன் நான். நம்புவீர்களா, எனக்கு மறுபடியும் ஏறிவிட்டது. "பாத்தனீங்களோ? ஓட்டை அடைபட்டால் எஞ்சின் போகும் எண்டு தெரிஞ்சுகொண்டு நிண்டனீங்களோ? ஒரு மெக்கானிக், ஏன் துடைக்கேல்லை?" என்று கத்தினேன். ஒழுங்கையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நானா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அது சாமிக்கு வெச்ச பொட்டு. நான் கைய வெச்சி அழிக்கலாமா?"

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே! நானே துடைச்சிருப்பன்!"

"தொடச்சிருப்பீங்க. அதுக்குப் பொறகு நீங்க விழுந்தா?" குரலை உயர்த்தாமல் கேட்டார். "ரேசுல ஆள் விழுறது சாதாரணம் சேர். ஜெட் பிழையில்ல, பிஸ்டன் பிழையில்ல, கல்லு ஒண்டு தடுக்கி நீங்க விழுந்தா? பொட்ட அழிக்கச் சொன்னது ஆரு எண்டுதான் எல்லாரும் கேப்பாங்க. ஜெட்டுக்கு வாங்கின ஏச்சு எண்ட கராஜோட போயிரும். மத்த ஏச்சு கராஜோட நிக்காது. பள்ளிவாசல் வரைக்கும் போகும், ஊட்டுப் புள்ளைங்க படிக்கிற ஸ்கூல் வரைக்கும் போகும்." ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தார். "எட்டு ரவுண்டு தாங்கட்டும் எண்டு துஆ கேட்டுட்டு நிண்டேன்."

"நான் அப்பிடிச் சொல்லுற ஆளோ நானா?"

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க கோவக்காரர் சேர்," என்றார்.

வெறும் ஜெட்டுக்கே அந்தக் கத்துக் கத்தியவன் நான். பொட்டை அழித்த பிறகு விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். என் வாழ்நாளில் நான் அப்படி வெட்கப்பட்டது கிடையாது.

அங்கேயே நின்று டீம் முதலாளிக்குப் போன் எடுத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார், அருமையாகச் சிரித்தார், பக்கத்தில் யாருக்கோ சொல்லி மறுபடி சிரித்தார். பிறகு, ஆள் எடுத்து ஒரு கிழமையாகிவிட்டது, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். நானா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு துணியால் ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நட்டு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

குழுவுக்கும் எழுதினேன். எழுதியதை நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பொட்டு எண்டு எழுத வேணாம் சேர், அத எடுங்க," என்றார். எடுத்தேன். மூடியின் துளை அடைபட்டிருந்தது, அடைத்தது நான், நானாவின் ஜெட்டில் ஒரு பிழையும் இல்லை, அவரை நான் அநியாயமாக ஏசினேன் என்று மட்டும் போட்டு அனுப்பினேன்.

ஒரு நிமிடம் ஆகவில்லை. முதல் பதில் பல் வைத்தியரிடமிருந்து வந்தது: 'அது சரி, மெக்கானிக் எண்டால் அதைப் பார்த்துத் துடைச்சிருக்க வேண்டாமா?' அதற்குக் கீழே பெருவிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கத் தொடங்கின. சட்டத்தரணி இரண்டு போட்டார்.

"என்ன செல்றாங்க சேர்?" என்று நானா கேட்டார்.

போனைக் கவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். அந்தப் பல் வைத்தியரை அப்போதே போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் ஆத்திரம் பொங்கியது. ஆனால் என்ன முகத்தோடு போவேன்? அந்தக் கேள்வியைப் பத்து நிமிடத்துக்கு முதல் நானும்தான் கேட்டிருந்தேன், ஒழுங்கையே நின்று பார்க்கிற சத்தத்தில்.